எடை மேடைக்கு சாஃப்ட்வேர் எழுத ஆள் தேடுகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 38,000 போச்சு

காவேரிப்பட்டணம் பக்கம் எடை மேடை வைத்திருக்கிறேன். மாங்காய் சீசன். லாரிகள் வரிசை கட்டி நிற்க, ரசீதைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

ரசீது போடும் சாஃப்ட்வேர் எழுத ஒருவரைப் பிடித்தேன், ஃப்ரீலான்ஸ் ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் கிடைத்தவர். "அண்ணே, சோர்ஸ் கோடு முழுசா உங்க கையில. நாளைக்கு நான் இல்லைன்னாலும் யார் வேணா மாத்திக்கலாம்" என்றார். சோர்ஸ் கோடு என்றால் சாஃப்ட்வேரின் மூல வரிகள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் 38,000 ரூபாய். வீடியோ காலில் தன் திரையைக் காட்டி, அந்த வரிகளை ஓடும் புரோகிராமாக மாற்றும் பில்ட் பட்டனை அமுக்கினார். ஒரு எரர் கிடையாது, டக்கென்று ஓடியது. அப்போதே பணத்தை விடுவித்தேன்.

எங்கள் எடைக் கருவி எடையை 2400 பாட் வேகத்தில் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் (பாட் என்பது தகவல் போகும் வேகத்தின் அளவு; இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்). அவர் 9600 என்று எழுதி வைத்திருக்கிறார். திரையில் எடைக்குப் பதில் கண்டமேனிக்கு எழுத்துகள். அந்த எண்ணை மாற்றி மறுபடி பில்ட் செய்தால் தீர்ந்தது. பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் அக்கா மகன் உட்கார்ந்தான். பில்ட் செய்கிற விஷுவல் ஸ்டுடியோ புரோகிராமில் கோப்பைக் காணோம், கோப்பைக் காணோம் என்று வரிசையாக எரர். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினான். ஒவ்வொரு வரியிலும் அந்த ஆளுடைய டி டிரைவ், அதில் 'ஓல்டு' ஃபோல்டர், அதற்குள் 'நியூ2'. எங்கள் கம்ப்யூட்டரில் டி டிரைவே இல்லை!

சிமேக் என்ற கருவி தானாக உருவாக்கும் புராஜெக்ட் கோப்பில் அது உருவான கம்ப்யூட்டரின் முழுப் பாதைதான் இருக்குமாம். சிமேக்குக்குக் குறிப்பு சொல்லும் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைக் கொடுத்திருந்தால் இங்கே புதிதாக உருவாக்கியிருக்கலாம். அது அவர் அனுப்பிய ஜிப்பில் இல்லை. சரி, பாதைகளைக் கையாலேயே திருத்தலாம் என்றால், சீரியல் போர்ட்டை (எடைக் கருவியின் வயர் செருகும் இடம்) படிக்கிற கோப்புகளும் ஜிப்பில் இல்லை. அவரிடமே தங்கிவிட்டன.

கேட்டால், "என் சிஸ்டத்துல ஓடுதே அண்ணே." அப்புறம், "டி டிரைவ் ஒண்ணு போட்டுக்குங்க." அப்புறம், "அது எக்ஸ்ட்ரா வேலை, 6,000 ஆகும்." இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. தளத்துக்காரர்களோ எத்தனை மெயில் போட்டாலும் ஒரே பதில்: நீங்களே வேலை முடிந்ததாக ஒப்புக்கொண்டீர்கள், ஆர்டர் மூடப்பட்டது. 38,000 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். பணம் விடும் முன் ஜிப்பை உங்கள் கம்ப்யூட்டரில் பில்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து அவர் டிரைவ் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். சிமேக்லிஸ்ட்ஸ் இல்லையென்றால் பைசா விடாதீர்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறேன். தளத்தின் பெயரை இப்போது கேட்காதீர்கள்.