கொழும்பின் காட்சிகள்: கலரிலா, கறுப்பு வெள்ளையிலா?

கலர்ப் படம் ஒன்றை எவ்வளவு திருத்தினாலும் சரிவராதபோது, கடைசியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது நம்மில் பலருக்குக் கைவந்த பழக்கம். மாற்றியதும் படத்துக்கு ஒரு கனதி வந்ததுபோல இருக்கும். பெரும்பாலும் அது அந்த நேரத்து மயக்கம்தான். கலரில் சோர்ந்து கிடந்த காட்சி சாம்பலிலும் சோர்ந்துதான் கிடக்கும், நமக்கு அது தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஒன்றை மட்டும். இந்தக் காட்சியில் ஒரு பொருளை அடுத்த பொருளிடமிருந்து பிரித்துக் காட்டுவது நிறமா, வெளிச்சமா? நிறம் என்றால் கலரிலேயே விடுவேன். வெளிச்சமும் நிழலும் வடிவமும் என்றால் மற்றது.

காலிமுகத்திடலில் வானம் தெளிந்த ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். செம்மஞ்சள் வானம், நடுவே நீலச்சாம்பல் முகில். கண்ணுக்கு இரண்டும் எவ்வளவோ தூரம், ஆனால் வெளிச்ச அளவில் பல சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலில் கலந்து, பட்டம் விடும் பிள்ளைகளின் நிழலுருவம் மட்டும் மிஞ்சும். அந்த நிழலுருவம்தான் படம் என்றால் சரி, வானத்துக்காக எடுத்தது என்றால் கலரைக் கைவிட வழியில்லை. ஆனால் அதைக் கவனமாக எடுக்க வேண்டும். மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் (படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கமரா காட்டும் வரைபடம்) 'பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிடும். பிறகு சூரியனைச் சுற்றி விவரமே இல்லாத மஞ்சள் தட்டுத்தான். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள். வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், அந்தச் செம்மையைப் பிழை என்று எண்ணி கமரா திருத்தப் பார்க்கும். பகல் வெளிச்ச அமைப்பில் வைப்பது நல்லது.

தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் கதை மாறும். வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் கறுத்த பாறைகள், அவற்றில் மோதி எழும் வெள்ளை நுரை, ஈரத்தில் மின்னும் தண்டவாளம், மேலே கனத்த வானம். கலரில் பார்த்தால் கடல் கலங்கிய பழுப்பாக இருக்கும், பாறை இடுக்கில் சிக்கிய ஒரு சிவப்புப் பை கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பு வெள்ளையில் அந்தப் பையும் ஒரு கல்லாகிவிடும். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. ஆனி, ஆடி மாதக் கடல் கறுப்பு வெள்ளைக்கென்றே பிறந்தது.

'வானத்தை இன்னும் கறுப்பாக்க, படம் திருத்தும் மென்பொருளில் நீல ஸ்லைடரை இறக்கு' என்ற ஆலோசனை மட்டும் அன்றைக்குப் பலிக்காது. 1927இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கலிஃபோர்னியாவின் யொசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். பிறகு கடும் சிவப்பு ஃபில்டரை மாட்டி எடுத்தபோது வானம் ஏறக்குறையக் கறுப்பாக இறங்கியது. சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுக்கிறது, அதனால் நீல வானம் இருள்கிறது. மென்பொருளில் நீலத்தைக் கீழே இழுப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். மழைக்கால வானத்திலோ தனியாக இறக்க நீலமே இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கிடக்கின்றன. அங்கே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியும் வானத்தை மட்டும் தெரிந்தெடுத்து இருட்டியும்தான் ஏதாவது செய்யலாம். தெளிந்த வானத்தில் ஸ்லைடர் நன்றாக வேலை செய்யும், ஆனால் அளவு மீறினால் வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் எழும், தென்னோலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும்.

வெறுமனே நிறத்தை நீக்குவதற்கும் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். சாதாரண மாற்றத்தில் நிறங்களுக்குச் சம பங்கு கிடையாது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் பச்சைக்கு 59 வீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. இந்தப் பங்கை நாமே மாற்றாவிட்டால் சில காட்சிகள் செத்துப்போகும். தாமரைக் கோபுரத்தின் பச்சைத் தண்டையும் ஊதா மொட்டையும் பாருங்கள், கலரில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரண்டும் சாம்பலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலுக்கு அந்தக் கவலை இல்லை. சிவப்பு இருண்டும் வெள்ளை வெளுத்தும் நிற்பதால் வரிகள் அப்படியே தப்பிவிடும். என்றாலும் அதைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேர வாவி கொஞ்சம் சிக்கலான விடயம். பாசி பிடித்துப் பச்சையாகிக் கிடக்கும் தண்ணீர், அதன்மேல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பௌத்த விகாரையான சீமா மாலகம், கூழைக்கடாக்கள், பின்னால் உயர்ந்த கட்டடங்கள். கறுப்பு வெள்ளையில் அழகான படம். ஆனால் அந்தப் பச்சைதான் வாவியின் நிலைமையைச் சொல்வது. அதை எடுத்துவிட்டால் எந்த நாட்டு ஏரியாகவும் இருக்கலாம். சுவரில் மாட்ட என்றால் சரி, வாவியைப் பற்றி ஒருவருக்குச் சொல்ல என்றால் நான் கலர்ப் படத்தைத்தான் கொடுப்பேன்.

கறுப்பு வெள்ளைதான் தரம் என்று வாதிடுபவர்கள் கொழும்பில் உடனே இலங்கை ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டை (1900–1944) இழுப்பார்கள். அவர் கறுப்பு வெள்ளையில் வேலை செய்தது உண்மை. கோடக்குரோம் என்ற கலர் ஃபிலிமே 1935இல்தான் வந்தது, ஆகவே அவரை இன்றைய தெரிவுக்குச் சாட்சியாக்குவது அவ்வளவு நியாயமில்லை. தவிர, இருட்டறையில் சோலரைசேஷன் (கழுவும்போது வெளிச்சம் காட்டி இருளையும் வெளிச்சத்தையும் ஓரளவு தலைகீழாக்குவது), ஃபோட்டோமொன்டாஜ் (பல படங்களை ஒன்றாக இணைப்பது) என்று அவர் செய்த வேலை ஒரு பட்டனைத் தட்டுவதோடு முடிகிற காரியமல்ல.

எடுக்கும்போது முடிவு செய்யத் தேவையில்லை என்பது இன்றைய வசதி. கமரா திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு, சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பாக எடுங்கள். பார்ப்பது சாம்பலாக இருக்கும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் போன நிறம் போனதுதான்.

பிரிண்ட் போடும்போது இன்னொரு வித்தியாசம் தலைகாட்டும். கலர் மைகளைக் கலந்தே சாம்பலை உருவாக்கும் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பச்சையோ ஊதாவோ ஒரு சாயல் ஏறிவிடும். கலர்ப் படத்தில் யாரும் கவனிக்காத சாயல் இங்கே பளிச்சென்று தெரியும். சாம்பல் மைகள் தனியாக உள்ள பிரிண்டரா என்று கடையில் கேட்டு, முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டு வாங்கி, அதைக் கடை விளக்கில் பார்க்காமல் வெளியே பகல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்.