மின் ஹீட்டரா, குழாய் எரிவாயுவா?

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரம் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை இரவுகளில், இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியா பகுதி வீடுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. கடலோர டர்பன் சொந்தக்காரர்களுக்கு இந்தக் குளிர் சொன்னால் புரியாது.

மின்சாரத்தில் வேலை சுலபம். பிளக்கைச் சொருகினால் போதும், புகை கிடையாது. ஆனால் 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் தின்றுவிடும். மாலையில் தெருவே ஒன்றாகப் போட்டால் டிரான்ஸ்பார்மர் திணறும். 2023இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது போர்வைதான் கதி. அதோடு அரசு மின் நிறுவனமான எஸ்கொம் தரும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவது. நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது.

எரிவாயுவை வீட்டிலேயே எரிப்பதால் அந்த இழப்பு இல்லை, கரண்ட் போனாலும் சாதாரண ஹீட்டர் எரியும். புகைபோக்கி இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து உண்டு. பதிவுபெற்ற ஆளிடம் பொருத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

சரி, வாயு எங்கிருந்து வருகிறது? மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து 2004 முதல், 865 கிலோமீட்டர் குழாய் வழியாக, ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள செகுண்டா தொழில்நகருக்கு. அந்த வயல்கள் வற்றி வருகின்றன. நகரில் வீட்டுக்குக் குழாய் வாயு போவதும் சில பழைய பகுதிகளுக்கு மட்டுமே. இந்த நிலையில் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் கூரைக்குக் கீழே வெப்பக்காப்பு போடலாம். அப்புறம் சூடாக்கும் வசதியுள்ள இன்வெர்ட்டர் ஏசி: வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுப்பதால் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். கரண்ட் போகும் நாளுக்கு 9 கிலோ சிலிண்டர் ஹீட்டர் ஒன்று, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து.