கொரியன் ஆப்ல வானிலை பாடம்: ஆஃபர்ல வந்திருக்கு, வாங்கலாமா?

எங்க லேபுக்கு அடுத்த செமஸ்டர் வரப்போற தம்பி ஒருத்தர் மெசேஜ் பண்ணிருந்தார், ஆண்டு சந்தா பாதி விலைக்குப் போட்டிருக்கான், எடுக்கவாண்ணான்னு. ஆப் பேரு வேண்டாம், கார்டு காட்டி கொரியன் வார்த்தை சொல்லிக்குடுக்கற டைப். தென் கொரியால இருக்கற தேஜோன் ஊருக்கு வந்ததுல இருந்து யூஸ் பண்றேன். ஹங்குல் எழுத்து, கடை, பஸ் எல்லாம் ஓகே, குறையில்ல. வானிலை, பருவம், இயற்கைன்னு ஒரு யூனிட் இருக்கு பாருங்க, அதத் தொறந்தாலே எனக்கு டென்ஷன் ஏறுது.

நல்லத முதல்ல சொல்லிடறேன். பொம், யோரும், கஉல், க்யோவுல்னு நாலு பருவமும் ஒரே உக்கார்ல மண்டைல ஏறிடும். மழை பெய்யுதுன்னா 'பிகா வாயோ', பனின்னா 'நூனி வாயோ', ரெண்டுமே 'வருது'தான், மழை வருதுன்னு சொல்லியே வளந்த நமக்கு இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. (அந்த 'வா'வும் நம்ம 'வா'வும் ஒண்ணுதான், கொரியனே தமிழ்ல இருந்து வந்ததுன்னு வாட்ஸ்அப்ல சுத்தற ஆராய்ச்சிக்குள்ள நான் வரல.)

ஆனா இத டிசைன் பண்ணவங்க இங்க ஒரு வருஷமாவது குடியிருந்திருப்பாங்களான்னு சந்தேகம். மார்ச்ல பூ பூக்கற நேரத்துல திடீர்னு திரும்பி வர்ற குளிருக்கு 'கொத்செம்சுவி'ன்னு பேரு, அதுக்கு செர்ரி மரம், அனிமேஷன், மியூசிக்னு அமர்க்களம். சரி, அழகுதான். அதே மார்ச்ல காலைல எழுந்ததும் இங்க எல்லாரும் பாக்கறது 'மிசேமொன்ஜி', அதாவது நுண்தூசி எவ்ளோன்னு. அதுலயும் ரொம்பப் பொடியான தூசி, பிஎம் 2.5ன்னு சொல்வாங்க, அது ஒரு கன மீட்டர் காத்துல 35 மைக்ரோகிராம் தாண்டினா 'நாப்பும்', மோசம்னு போடுவான், 75 தாண்டினா 'மேஉ நாப்பும்', ஜன்னல மூடு, மாஸ்க எடு. கோபி பாலைவனம் பக்கத்துல இருந்து பறந்து வர்ற மஞ்சள் தூசி 'ஹ்வாங்சா' வேற இருக்கு. ரெண்டுக்கும் கார்டே கிடையாது! சப்போர்ட்டுக்கு எழுதினா உங்க கருத்துக்கு நன்றின்னு ஒரு பதில், அவ்ளோதான்.

அடுத்து ஜாங்மா, இங்கத்த மழைக்காலம். ஜூன் கடைசில அது ஆரம்பிச்சதும் போன் அலறி ஒரு அலர்ட் வரும், 'ஹோஉ க்யோங்போ', கனமழை எச்சரிக்கை. ஆப்ல மழைன்னா 'பி', மிஞ்சிப்போனா திடீர் மழைக்கு 'சோனாகி'. ஆனா எச்சரிக்கைல ஓடறதெல்லாம் சீன எழுத்து வழி வந்த வார்த்தை. அது துண்டு துண்டாதான் வேலை செய்யும்: 'உ' மழை, 'சோல்' பனி, 'புங்' காத்து, 'போக்' தாறுமாறா. கோத்துப் பாருங்க, போகு அடைமழை, போக்சோல் கடும்பனி, காங்புங் பலத்த காத்து, தேபுங் புயல், போக்யோம் வெப்ப அலை. துண்டு கொஞ்சம் தெரிஞ்சா அலர்ட்டுல பாதிய குத்துமதிப்பா படிச்சிடலாம், எனக்கு இத சொல்லித்தந்தது லேப்ல இருக்கற சீனப் பொண்ணு, ஆப் இல்ல. ஆப்ல இதெல்லாம் கடைசி லெவல்ல ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லாத மாதிரி தனித்தனி கார்டா கெடக்கு, மனப்பாடம் பண்ணுன்றான். ஒண்ணு மட்டும் உஷார், இலையுதிர்ல இலை செவக்கறத சொல்ற 'தான்புங்'ல வர்ற புங் காத்து இல்ல, மேப்பிள் மரம். 2022 ஆகஸ்ட் 8 ராத்திரி சியோல் தோங்ஜாக் பக்கம் ஒரு மணி நேரத்துல 141.5 மில்லிமீட்டர் கொட்டின நாடு இது, இங்க வர்றவனுக்கு குடை எங்கே இருக்கிறதுன்னு கேக்க சொல்லிக்குடுத்துட்டு ஹோஉவ கடைசில ஒளிச்சு வச்சா என்னங்க அர்த்தம்?

போக்யோமும் அப்படித்தான். உணரும் வெப்பம் 33 டிகிரி ரெண்டு நாளைக்கு மேல நீடிக்கும்னா ஒரு எச்சரிக்கை, 35னா அடுத்த லெவல். ராத்திரி 25க்குக் கீழ இறங்கலன்னா 'யோல்தேயா'ன்னு நியூஸ்ல பொலம்புவாங்க, நம்ம சென்னைல அத பாதி வருஷம் பேரே வைக்காம தூங்கிட்டிருக்கோம்.

இவ்ளோ திட்டிட்டு ஒண்ண சொல்லியே ஆகணும். அதுல வானிலை அறிக்கைய வாசிக்கற ஆடியோ பகுதி இருக்கு, மெதுவா ஒரு தடவ, நிஜ வேகத்துல ஒரு தடவ. 'யோங்ஹா ஷிபி தோ', மைனஸ் 12 டிகிரி, இந்த மாதிரி நம்பர் சடசடன்னு ஓடறத காது புடிச்சதே அதுலதான். இப்ப நியூஸ் முடிஞ்சு வானிலை சொல்ற அந்த ரெண்டு நிமிஷம் சப்டைட்டில் இல்லாம புரியுது. அந்த ஆடியோவ மட்டும் தனியா வித்தா கேட்ட காச குடுப்பேன், தர மாட்டேங்கறான், மொத்தமாதான் வாங்கணுமாம்.

தம்பி, வாங்காதீங்க. அலர்ட் வர வர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீங்களே கார்டு போட்டுக்கங்க, வானிலை துறை கிசாங்சோங் சைட்ல இந்த வார்த்தையெல்லாம் ஓசிலயே கெடக்கு. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் ஆடியோவுக்கு. நான் நேத்தே ரினியூ பண்ணிட்டேன், ஆஃபர் ஞாயித்துக்கிழமையோட முடியுதாம்.