அபராதமா, வீடா?

தெருவில் படுப்பவர்களை என்ன செய்வது என்று குழம்பும் ஊர்கள் பார்க்க இரண்டு வழிகள்: அமெரிக்காவின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பின்லாந்து நாடு.

செலவு
கிராண்ட்ஸ் பாஸ்: 2024 தீர்ப்புக்குப் போன விதிப்படி, வெளியில் படுத்தால் 295 டாலர் அபராதம். மீண்டும் மீண்டும் சிக்கினால் 30 நாள் வரை சிறை என்றும் இருந்தது. போர்வைக்கே வழியில்லாதவரிடம் எதை வசூலிப்பது? சிறைச் செலவும் அரசு தலையில்தான்.
பின்லாந்து: தெருவில் இருப்பவருக்கு முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு; 2008இலிருந்து இதுதான் வழி. கட்டவும் வாங்கவும் நிறையப் பணம் வேண்டும்.

எளிமை
அபராதம்: சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 6-3 என்ற பெரும்பான்மையில் வழிவிட்டது.
வீடு: ஆண்டுகள் பிடிக்கும்.

நிலைப்பு
அபராதம்: ஆள் அடுத்த பூங்காவுக்கு நகர்வார். பெயரில் கடனும் வழக்கும் ஏறும். அப்புறம் யார் வாடகைக்கு வீடு தருவார்?
வீடு: சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம். குடிப்பழக்கத்தை விட்டால்தான் சாவி என்ற நிபந்தனை கிடையாது.

நாளைக்கே பூங்கா காலியாக வேண்டுமா? சரி, அபராதம். அவர் மறுபடி அங்கே படுக்கவே கூடாது என்றால் வீடுதான்.