‘கிளியர் பாலிஷ்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீட்டுக் கதவுகளுக்கு பாலிஷ் போடக் கொடுக்கப் போகிறவர்கள், முன்பணத்தை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஏமாந்தது ஒரே ஒரு வார்த்தையில். ரசீதில் ‘கிளியர் பாலிஷ்’ என்று இருந்தது. அதற்கு மேல் எதையும் நாங்கள் எழுதி வாங்கவில்லை.

வீடு கானாடுகாத்தான் பக்கம். முகப்பு நிலைக்கதவு பர்மாத் தேக்கு. மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் செதுக்கிய கொடிக்கருக்கு, நடுநடுவே கிளிகள். நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். சாயங்கால வெயில் பட்டால் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழுந்து வரும். அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் கல்யாணத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும், கதவைக் கொஞ்சம் சுத்தம் செய்து பாலிஷ் போடலாம் என்று பங்காளிகள் சேர்ந்து பணம் போட்டோம்.

ஒரு கான்டிராக்டர் வந்தார். கையில் ஒரு சாண் பலகை. தேன் நிறத்தில் மினுங்கியது. “கொம்பரக்கு பாலிஷ் அண்ணே. துணியைச் சுருட்டிக் கையாலயே தேய்ப்போம். மூணு வாரம் ஆகும்” என்றார். கொம்பரக்கு என்றால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்கிற ஷெல்லாக் பாலிஷ். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் 85,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு 50,000 முன்பணம் கொடுத்தோம். அப்புறம் நாங்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். ஆறாம் நாளே வாட்ஸ்அப்பில் படம் வந்தது: வேலை முடிந்ததாம். மூன்று வார வேலை ஆறு நாளில் எப்படி முடியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கதவைத் தொட்டால் பிளாஸ்டிக் தட்டைத் தொடுவது போல வழவழப்பு. கருப்பட்டி நிறம் போய், ஆறிய டீயில் ஆடை படிந்த மாதிரி ஒரு சாம்பல் மங்கல். கொடிக்கருக்கின் குழிகளில் பாலிஷ் தேங்கிக் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. உப்புத்தாளை மெஷினில் மாட்டி ஓட்டியதில் ஒரு கிளியின் அலகே மழுங்கிப்போயிருந்தது. கான்டிராக்டரைக் கேட்டால், “கிளியர்னுதானே எழுதியிருக்கு? கிளியர்தான் அடிச்சிருக்கேன். எல்லாக் கிளியரும் ஒண்ணுதான் அண்ணே. உங்க மரம் பழசு” என்றார்.

எல்லாக் கிளியரும் ஒன்று இல்லை. அதைக் கண்ணால் காட்டியவர் எங்கள் ஊர் ஆசாரி. எழுபது தாண்டியவர். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கதவின் கீழ் மூலையில் தேய்த்தார். “கொம்பரக்கா இருந்தா இந்நேரம் பிசுபிசுன்னு இளகி பஞ்சு பழுப்பாயிருக்கும் தம்பி” என்றார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கிணற்றடியில் கிடந்த காலி டின்களைப் புரட்டிப் பார்த்தோம். தண்ணீர் கலந்து ஸ்பிரே செய்கிற பியூ (PU, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை) பாலிஷ்.

மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில் ஒரு தேக்கு ஜன்னல் கதவு வாங்கி வந்தேன். ஆசாரி அதை இழைத்து, டேப் ஒட்டி ஆறு கட்டமாகப் பிரித்தார். ஒன்றைச் சும்மா விட்டார். முதலில் ஈரத்துணியால் ஒரு தடவு தடவி, “இந்த நிறத்தைப் பார்த்து வச்சுக்க” என்றார். காய்ந்த மரத்தின் நுண்துளைகளில் காற்றுதான் இருக்கிறது. வெளிச்சம் மேலேயே சிதறுவதால் மரம் வெளிறித் தெரிகிறது. துளைகளில் எண்ணெயோ அரக்கோ நிறைந்தால் வெளிச்சம் உள்ளே இறங்கும், ரேகை எழும்பும்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட கட்டம் உடனே அந்த ஈர நிறத்துக்குப் போய் அப்படியே நின்றது. பளபளப்பு இல்லை, காயவும் நாள் பிடிக்கும், வருஷம் போகப் போக மஞ்சள் கூடும். எண்ணெய் வார்னிஷும் அதே குணம்தான், மேலே ஒரு பளபளப்பு. ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, தின்னர் போட்டுத் துடைக்காமல் அடித்தால் வார்னிஷ் சீக்கிரம் காயாது. மெலமைன் என்கிற கெமிக்கல் பாலிஷ் கண்ணாடி போல நின்றது, நெடி கண்ணைக் கரித்தது.

கொம்பரக்குக் கட்டத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான் அது. ஒவ்வொரு கை (கோட்டிங்) தேய்க்கும்போதும் பொன்னும் சிவப்புமாக நிறம் ஏறியது. பலகையைச் சாய்த்தால் ரேகை அசைகிற மாதிரி தெரிந்தது. இதுதான் எங்கள் கதவின் நிறம். சூடான டம்ளர் வைத்தால் தடம் விழும், தண்ணீர் நின்றால் வெளுக்கும். அதனால் சாப்பாட்டு மேஜைக்கு ஆகாது. திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ளே, மழை படாமல் நிற்கும் எங்கள் கதவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பியூ. சும்மா விட்ட கட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அது மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. ரப்பர் மரம் மாதிரி வெளிர் மரத்தை மஞ்சளாகாமல் வைத்துக்கொள்ள அதுதான் சரி. பழைய தேக்கில் அது நிறத்தை எழுப்பாது. அந்தக் கட்டத்தின் பாதியில் ஆசாரி மெழுகு நீக்கிய கொம்பரக்கை அடியில் தேய்த்து, அதற்கு மேல்தான் பியூ போட்டிருந்தார். அந்தப் பாதி மட்டும் பொன்னிறமாக நின்றது. “அடியில ஒரு கை போட்டிருந்தாக்கூட உங்க கதவு பிழைச்சிருக்கும்” என்றார்.

உங்கள் ரசீதில் பாலிஷின் பெயர், எத்தனை கை, கையால் தேய்ப்பதா ஸ்பிரேயா, மெஷின் ஓட்டலாமா கூடாதா, எல்லாம் எழுதியிருக்கட்டும். மாதிரியை உங்கள் வீட்டு மரத்திலேயே, கதவின் உள்பக்கத்தில் ஒரு சாண் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டின்னை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டிய பலகையில் இருந்தது உண்மையான கொம்பரக்குதான். கதவுக்கு வந்தது வேறு.

முன்பணம் திரும்பவில்லை. கான்டிராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. ஆசாரி ரிமூவர் தடவி, குழிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வலது கதவை மட்டும் கல்யாணத்துக்குள் மீட்டுக் கொடுத்தார். விசேஷத்தன்று இடது கதவு சாம்பலாகவே நின்றது. அப்பச்சி வலது கதவின் கிளி மேல் கொஞ்ச நேரம் கை வைத்திருந்துவிட்டு உள்ளே போனார்கள்.