ஜிப் கவர் எங்கே கிழிகிறது? பொடி வியாபாரத்தில் கண்ட நீண்டகால அனுபவம்

ஜிப் லாக் கவர் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு மைக்ரானில் (தடிமன் அளவு; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடங்கி மைக்ரானிலேயே முடிந்துவிடுகிறது. 50 மைக்ரானுக்கு ஒரு விலை, 75க்கு ஒரு விலை. 100 என்றால் கடைக்காரரின் குரலே சற்று உயரும். நகைக்கடையில் சவரன் கணக்கு பேசுவதைப் போல, தடிமன் ஒன்றே தரம் என்ற எண்ணம் வாங்குபவர்களிடமும் ஊறிவிட்டது. வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, சத்துமாவு ஆகியவற்றைச் செய்து விற்கிறோம். பொடிகளை நிறைத்து அனுப்பவும், அரைப்பதற்கு முந்தைய சாமான்களைப் பிரித்து வைக்கவும், தேங்காய்த் துருவலையும் பச்சைப் பட்டாணியையும் ஃப்ரீசரில் போட்டு வைக்கவும் பல ஆண்டுகளாக இந்தக் கவர்களைப் பல வகைகளில் பயன்படுத்தி வருகிறோம். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: திறக்கும்போது கவர் கிழிவதற்கு அதன் பிளாஸ்டிக் தாள் மெலிவாக இருப்பது அரிதாகவே காரணமாகிறது. ஜிப்பைப் பிரிப்பதற்கு நாம் கொடுக்கும் விசை ஜிப்பில் விழாமல், அதை ஒட்டியிருக்கும் தாளிலோ பக்க ஓரத்திலோ போய் விழுவதுதான் பெரும்பாலான கிழிசல்களுக்குக் காரணம்.

எங்கள் கைகளில் கிழிந்த கவர்களைத் தூக்கி எறிவதற்கு முன் எடுத்துப் பார்க்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. அவற்றில் மிகுதியானவை ஒரே இடத்தில்தான் கிழிந்திருந்தன: பக்க ஓரத்து ஒட்டும் ஜிப்பும் சந்திக்கும் மூலைக்கு நேர் கீழே. சாதாரண ஒளிபுகும் ஜிப் கவரில் பக்க ஓரம் சூடான கத்தியால் வெட்டப்படுகிறது. வெட்டும்போதே இரண்டு தாள்களும் உருகி நூல் போல மெல்லிய ஒரு கோடாக ஒட்டிக்கொள்கின்றன. ஜிப்போ தாளைப் போலப் பல மடங்கு கனமான பிளாஸ்டிக். அந்தக் கனம் முடிந்து மெல்லிய தாள் தொடங்கும் விளிம்பில் விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. ஒட்டு சற்றே கருகியிருந்தாலோ, ஜிப்பின் முனை சரியாக உருகாமல் நின்றிருந்தாலோ, அந்தப் புள்ளியில் ஏற்கெனவே ஒரு கீறல் இருப்பதற்குச் சமம்.

இதற்கான தீர்வு தாளைத் தடிமனாக்குவதில் இல்லை என்பதை நல்ல கவர்களைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அவற்றில் ஜிப்பின் இரண்டு முனைகளும் தனியாக நசுக்கி உருக்கித் தட்டையாக்கப்பட்டிருக்கும். நகத்தால் தடவினால் மேடு படிப்படியாகத் தணிவது தெரியும். பக்க ஓரமும் நூலாக இல்லாமல் சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை ஒட்டாக இருந்தால், இழுவிசை அந்த அகலம் முழுவதும் பரவிவிடுகிறது. இந்த இரண்டும் உள்ள 50 மைக்ரான் கவர், இவை இல்லாத 75 மைக்ரான் கவரைவிட எங்களிடம் அதிக நாள் உழைத்திருக்கிறது.

இரண்டாவது வகைக் கிழிசல் சற்று விசித்திரமானது. ஜிப்புக்குக் கீழே கவரின் அகலம் நெடுகக் கிழிந்து, ஜிப் முழுவதும் ஒரு நாடாவைப் போலத் தனியாகக் கையோடு வந்துவிடும். இதற்குக் காரணம் தாள் தயாராகும் முறையிலேயே இருக்கிறது. உருகிய பாலித்தீனைக் குழாயாக ஊதி மேலே இழுத்துத்தான் இந்தத் தாள் செய்யப்படுகிறது. இழுக்கப்படும் திசையில் மூலக்கூறுகள் வரிசைப்பட்டுவிடுவதால், கிழிவைத் தாங்கும் திறன் இரண்டு திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. தாளோடு சேர்த்தே வார்க்கப்படும் ஜிப், அந்த இழுவைத் திசையிலேயே ஓடுகிறது. தாள் அந்தத் திசையில் பலவீனமாக அமைந்துவிட்டால், ஒரு சிறு கீறல் ஜிப்பை ஒட்டியே ரயில் தண்டவாளம் போட்டாற்போல் ஓடிவிடும். வாங்குவதற்கு முன் மாதிரிக் கவர் ஒன்றைக் கேட்டு, கத்தரியால் குறுக்கே ஒரு வெட்டும் நெடுக்கே ஒரு வெட்டும் கொடுத்து, இரண்டையும் கையால் கிழித்துப் பார்ப்பது நல்லது. தாள் நீண்டு, வெளுத்து, முரண்டு பிடித்தால் நம்பலாம். சரசரவென்று நேராக ஓடினால் எத்தனை மைக்ரான் என்று சொன்னாலும் வாங்க வேண்டாம். தொழிற்சாலைகளில் எல்மண்டார்ஃப் சோதனை என்ற பெயரில், வெட்டு கொடுத்த தாளை ஊசல் ஒன்றைக் கொண்டு கிழித்து, அதற்குச் செலவாகும் விசையை இரு திசைகளிலும் தனித்தனியாக அளக்கிறார்கள். நாம் கத்தரியோடு செய்வது அதன் கைவைத்தியம்.

மூலப்பொருளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வியாபாரிகள் எல்.டி. என்று சொல்லும் குறை அடர்த்திப் பாலித்தீன் மட்டும் உள்ள தாளைவிட, எல்.எல். என்று சொல்லும் நேர்ச்சங்கிலிப் பாலித்தீன் கலந்த தாள் குத்தலையும் கிழிசலையும் கூடுதலாகத் தாங்குகிறது. மல்லி விதையும் மிளகாய்க் காம்பும் குத்தும் சரக்குக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். பளபளப்பாகவும் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும் பி.பி. கவர் அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் ஃப்ரீசருக்கு ஆகாது. பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 0 டிகிரியை ஒட்டியே விறைப்பேறி நொறுங்கும் இயல்புக்கு மாறத் தொடங்குகிறது. பாலித்தீனோ ஃப்ரீசரின் −18 டிகிரியிலும் வளைந்து கொடுக்கிறது. அப்படி இருந்தும், குளிரில் பாலித்தீன் ஜிப்பும் சற்று இறுகத்தான் செய்கிறது. ஆகவே ஃப்ரீசரிலிருந்து எடுத்த கவரை உடனே இழுக்காமல், இரண்டொரு நிமிடம் வெளியில் வைத்துவிட்டுத் திறந்தால் மூலைக் கிழிசல் வெகுவாகக் குறைகிறது.

மைக்ரான் பேச்சு இவ்வளவு வலுப்பெற்றதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பொருள்களைப் பொதியும் பிளாஸ்டிக் தாள் பொதுவாக 50 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்கின்றன. கைப்பைகளுக்கான அளவு பின்னர் 75 ஆகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆகவும் உயர்ந்தது. அது குப்பையைக் கருதி வைத்த அளவு. திறக்கும்போது கிழியாமல் இருப்பதற்கான சான்று அன்று. தடிமனைச் சரிபார்க்க நுண்ணளவி தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். 8க்கு 10 அங்குலக் கவர் உண்மையிலேயே 50 மைக்ரான் என்றால், ஜிப்பின் எடையைத் தவிர்த்து ஒரு கவருக்கு ஏறத்தாழ 4.75 கிராம் இருக்க வேண்டும். நூறு கவர் கொண்ட கட்டு 400 கிராமைக்கூடத் தொடவில்லை என்றால், சொன்ன மைக்ரான் அதில் இல்லை என்று பொருள்.

இனி ஜிப்பைப் பார்ப்போம். இதன் வரலாறே இணைப்பைப் பற்றிய வரலாறுதான். 1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த போர்கே மேட்சனின் பிளாஸ்டிக் ஜிப் காப்புரிமையை ஆஸ்னிட் குடும்பத்தினர் வாங்கி அமெரிக்காவில் தொழில் தொடங்கியபோது, ஜிப்பைத் தனியாகச் செய்து பையில் ஒட்ட வேண்டியிருந்தது. ஜப்பானின் செய்சான் நிப்பான் ஷா நிறுவனம் ஜிப்பையும் தாளையும் ஒன்றாகவே வார்க்கும் வழியைக் கண்ட பிறகுதான் விலை இறங்கியது; 1968இல் டவ் கெமிக்கல் நிறுவனம் ஜிப்லாக் என்ற பெயரில் அதை அமெரிக்கச் சமையலறைகளுக்குக் கொண்டுவந்தது. ஒன்றாக வார்த்ததால் ஒட்டு பிரியும் தொல்லை நீங்கியது. கனமும் மெலிவும் அடுத்தடுத்து நிற்கும் தொல்லை மட்டும் அப்படியே நீடித்தது.

நல்ல ஜிப் உள்ளிருந்து தள்ளும்போது இறுக்கமாகவும், வெளியிலிருந்து விரலால் பிரிக்கும்போது இளக்கமாகவும் இருக்க வேண்டும். கொக்கியின் வளைவை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வடிப்பதால் இது முடிகிறது. கவரை மூடி உள்ளே காற்றோடு அமுக்கிப் பார்த்தால் உள்விசையும், விளிம்பைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தால் வெளிவிசையும் விளங்கிவிடும். இரண்டும் ஒரே அளவு கடினமாக இருக்கும் கவர், தன் ஜிப்பின் வலிமையாலேயே தன்னைக் கிழித்துக்கொள்ளும். தடிமனான தாளுக்கு ஏற்றது என்று கருதிக் கடினமான ஜிப்பையும் சேர்த்துவிடும் தயாரிப்பாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜிப்புக்கு மேலே விரல் பிடிக்க விட்டிருக்கும் விளிம்பு. மலிவான கவர்களில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இருப்பதில்லை. இரண்டு தாள்களும் ஒரே உயரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய்க் கையோடோ ஈரக் கையோடோ அதைப் பிரிக்க நகத்தை உள்ளே செருகுகிறோம். நகம் போட்ட அந்தப் பிறைக்கீறல்தான் பிறகு கிழிசலாகிறது. விரல் மூட்டு வலியுள்ள முதியவர்கள் பல்லால் கடித்து இழுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்க விளிம்பு மறுபக்கத்தைவிட நாலைந்து மில்லிமீட்டர் உயரமாக இருந்தாலே நகத்திற்கு வேலை இல்லாமல் போகிறது. விளிம்பில் சொரசொரப்பான வரிகள் இருந்தால் எண்ணெய்க் கையும் வழுக்குவதில்லை. செலவு பெரிதாக இல்லாத இந்த இரண்டு மாற்றங்களையும் உள்ளூர்க் கவர்களில் அரிதாகவே காண முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

ஸ்லைடர் வைத்த கவரில் இந்தப் பிரச்சினை வேரோடு இல்லை. நகரும் சிறு துண்டின் உள்ளே இருக்கும் ஆப்பு ஜிப்பைப் பிரிப்பதால், தாளை யாரும் இழுப்பதில்லை. முதியவர் உள்ள வீடுகளுக்கு இதையே சொல்வேன். மாவும் பொடியும் ஸ்லைடரின் அடியில் போய்ச் சேர்ந்து அது திக்குவதும், மூடிய நிலையில் முனையில் நூலளவு இடைவெளி நிற்பதும் இதன் குறைகள். ஆகவே நைஸ் பொடிக்கும் நீர்ப்பொருளுக்கும் இது ஏற்றதன்று.

விற்பனைக்கு நாங்கள் பயன்படுத்துவது நிற்கும் பவுச். மணம் காக்க வேண்டியிருப்பதால் வெறும் பாலித்தீன் போதாது. வெளியே 12 மைக்ரான் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் வகை), நடுவில் உலோகப் பூச்சுத் தாள், உள்ளே பாலித்தீன் என்று அடுக்குகள். இங்கே வடிவமைப்பாளருக்குக் கிடைப்பது ஒரு முரணான வேலை: பவுச் முதல் முறை ஒரே கோட்டில் சுலபமாகக் கிழிய வேண்டும், அதன் பிறகு எங்கும் கிழியவே கூடாது. முன்பு நாங்கள் வாங்கிய பவுச்சில் கிழிக்கத் தொடங்குவதற்கான ஓரத்து வெட்டு ஜிப்புக்கு மிக அருகில், ஒரு பக்கம் மட்டும் இருந்தது. வாடிக்கையாளர் கிழிக்கத் தொடங்கியதும் கிழிசல் சாய்ந்து இறங்கி, ஜிப்பைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பொடிக்குள் போய்விடும். ‘ஜிப் இருந்து என்ன பயன், டப்பாவில்தான் கொட்டி வைத்தேன்’ என்று தொலைபேசியில் சொன்னவர்கள் பலர்.

இப்போது வாங்கும் பவுச்சில் வெட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜிப்புக்கும் வெட்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி இரண்டு வேலை செய்கிறது: கிழிசல் சற்றுச் சாய்ந்தாலும் ஜிப்பைத் தொடுவதில்லை, கிழித்த பிறகு மிஞ்சும் பட்டையே விரல் பிடிக்கும் விளிம்பாகிவிடுகிறது. வெளி அடுக்கில் மட்டும் லேசரால் கோடு கீறிக் கொடுத்தால் கிழிசல் தானே நேராக ஓடும். ஆனால் எங்களைப் போன்ற சிறு அளவு வாங்குபவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. தொங்கவிடும் துளையையும் கவனிக்க வேண்டும். வட்டமாகவோ முனை மழுங்கியோ வெட்டியிருந்தால் பரவாயில்லை. கூர்முனை இருந்தால் கடைக் கம்பியில் தொங்கும்போதே அங்கிருந்து கீறல் இறங்கும்.

பொடி விற்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. நிறைக்கும்போது ஜிப்பின் பள்ளத்தில் பொடி படிந்தால் அது சரியாகப் பூட்டுவதில்லை. வாங்கியவர் மீண்டும் மீண்டும் அழுத்தித் தேய்ப்பதில் ஜிப்பை ஒட்டிய தாள் நைந்துபோகிறது. அகன்ற வாய்ப் புனலை ஜிப்புக்குக் கீழே இறங்கும்படி வைத்து நிறைக்கிறோம். மூடும் முன் உலர்ந்த துணியால் பள்ளத்தை ஒரு முறை துடைக்கிறோம். எண்ணெய் சேர்த்த பொடிகளுக்குப் பழைய கவரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். எண்ணெய் ஊறிய எல்.டி. தாள் மடிப்புகளில் மெல்ல வெடிப்பு விடுகிறது.

திறக்கும் முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூலையிலிருந்து தொடங்காமல், இரண்டு விரல் உள்ளே தள்ளி, ஜிப்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இரு பக்க விளிம்பையும் பிடித்துப் பிரித்தால், விசை தாளை நீட்டாமல் ஜிப்பையே பிரிக்கிறது. இதைப் பவுச்சின் பின்புறத்தில் ஒரு வரியாகவும் சிறு படமாகவும் அச்சிட்ட பிறகு ஜிப் தொடர்பான அழைப்புகள் குறைந்துள்ளன. அடுத்த அச்சுக்கு, ஒரு பக்க விளிம்பை உயர்த்தியும், எல்லா அடுக்குகளும் பாலித்தீனாகவே இருக்கும் மறுசுழற்சிக்கு ஏற்ற தாளிலும் மாதிரி கேட்டிருக்கிறோம். அந்தத் தாள் பெட் போல விறைப்பாக இல்லாததால் வெட்டிலிருந்து நேராகக் கிழியுமா என்பதைத்தான், மாதிரி வந்ததும், முதலில் கத்தரியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.