4,800 பவுண்டும் ஒரு லோட்டஸ் எலானும்: பழைய ஃபைபர் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு வங்கியின் பதில் நேற்று மாலை வந்தது. அதைப் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன் என்பதால், எழுத்தில் கசப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பழைய கண்ணாடியிழை ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கராஜில் வைத்துச் சொந்தக் கையால் புதுப்பிக்கும் தமிழர்கள் சிலராவது இருக்கிறோம். அவர்களில் ஒருவராவது நான் விழுந்த குழியில் விழாமல் இருக்கட்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு. என் காரின் பாடியைப் பெயிண்ட் உரித்துச் சரிசெய்யக் கொடுத்த பட்டறையிடம் போன தொகை 4,800 பவுண்டு. விவகாரம் நீதிமன்றம் வரை போகும் நிலையில் இருப்பதால் பட்டறையின் பெயரையோ விளம்பரம் வந்த தளத்தின் பெயரையோ எழுதவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கார் 1969ஆம் ஆண்டின் லோட்டஸ் எலான், நான்காம் வரிசை. எலானை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: 1962 முதல் 1973 வரை வந்த இந்த இரண்டு இருக்கைக் காரில், நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஓர் எஃகு சேசிஸும் அதன்மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடியிழை பாடியும்தான் அடிப்படை. உரிய போல்ட்டுகளையும் ஒயர்களையும் கழற்றிவிட்டால் நாலு பேர் சேர்ந்து பாடியை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். அந்தக் காலத்தில் நிறுவனமே இதைப் பாகங்களாகப் பிரித்தும் விற்றது. வாங்கியவர் வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி மிச்சமாகும். ஆகவே, வீட்டில் பிரித்து வீட்டில் பூட்டுவது இந்தக் காருக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அரித்துப்போன பழைய சேசிஸுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய மாற்று சேசிஸ், அதில் நானே பொருத்திய சஸ்பென்ஷன், நானே பிரித்துப் பூட்டிய 1558 சிசி இரட்டை கேம் இன்ஜின் என்று ஆறு வருட வேலை ஒழுங்காகவே நடந்தது. மிச்சம் இருந்தது பாடி மட்டும்.

கண்ணாடியிழையில் பெயிண்ட் உரிப்பது என்பது இரும்புக் காரில் உரிப்பது போன்ற வேலை அன்று. அச்சில் முதலில் பூசப்படும் ஜெல்கோட் என்ற மெல்லிய பிசின் படலம்தான் பாடியின் தோல். அதற்குப் பின்னால்தான் இழையும் பிசினும் கலந்த சதை. இரும்புக்கென்று விற்கும் ரசாயன உரிப்பானைத் தடவினால் அது பெயிண்டோடு நிற்காமல் ஜெல்கோட்டையும் மென்மையாக்கி உள்ளே இறங்கும். இறங்கியது பிறகு வெயில் பட்டதும் கொப்புளமாக வெளியே வரும். மணல் வீசி உரித்தால் தோல் பெயர்ந்து இழை வெளியே தெரியும். சரியான வழி, கூரான தகடு கொண்டு கையால் சீவுவதும் பிறகு நீர் உப்புத்தாள் போடுவதும்தான். டிக்கி மூடியை மட்டும் நான் அப்படிச் செய்து பார்த்தேன். முழுதாக இரண்டு வார இறுதிகள் போயின, கழுத்திலும் முன்கையிலும் இழைத்தூள் ஏறி நமைச்சல் ஒரு வாரம் நிற்கவில்லை. முழு பாடிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் வெளியே கொடுக்கலாம் என்ற புத்தி வந்தது. அந்தப் புத்தியைத்தான் இன்று நொந்துகொள்கிறேன்.

எல்லாரும் பழைய சாமான் வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கண்ணாடியிழைக் கார்கள் மட்டுமே செய்யும் சிறு பட்டறை, கையால் மட்டுமே உரிப்போம் என்ற வரி, அழகான படங்கள். அந்தப் படங்களில் ஒன்றிலாவது வேலை நடந்துகொண்டிருக்கும் நிலை இல்லை, எல்லாம் முடிந்து பளபளக்கும் கார்கள் மட்டுமே என்பதை இப்போது திரும்பிப் பார்க்கும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆனாலும் நான் படத்தைப் பார்த்து ஏமாறவில்லை. ஆளைப் பார்த்து ஏமாந்தேன். அவர் வீட்டுக்கே வந்தார். வந்தவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, தேநீரைக்கூடப் பிறகு ஆகட்டும் என்று ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து பாடியைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் நாணயம் கணீரென்று ஒலிக்கும், இழைப் படலம் விட்டுப்போன இடத்தில் மந்தமாகக் கேட்கும். இடது பின் சக்கர வளைவுக்கு வந்ததும் அவர் கை நின்றது. இது முன்பு அடிபட்டு ஒட்டிய இடம், ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்றார். அது எனக்கு முன்பே தெரியும். சில மாதங்களுக்கு முன் இரவில் அந்த வளைவின் உள்பக்கத்தைச் சுரண்டி வேலை விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது அங்கே மட்டும் வெளிச்சம் ஊடுருவாமல் கறுப்பாகத் திட்டு தெரிந்திருந்தது. நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விளக்கு காட்டியதை விரல் நுனியால் கண்டுபிடித்தவரிடம் இனி என்ன கேட்பது என்று நினைத்த அந்த நொடியில் என் காவல் முழுவதும் கழன்று விழுந்தது. அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்துகொண்டே செய்யவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மொத்தம் 5,000 பவுண்டு கேட்டார்: கையால் உரிப்பது, விரிசல்களை வகுந்து புதிய இழை வைப்பது, பாடியை சேசிஸோடு பிணைக்கும் பாபின்கள் என்ற உலோகத் துண்டுகளைச் சோதித்துத் தளர்ந்தவற்றை மாற்றுவது, கடைசியில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு. கார்டில் கட்டுகிறேன் என்றேன். கார்டு இயந்திரத்துக்குக் கழிவு போகிறது, வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 200 குறைத்துக்கொள்கிறேன் என்றார். பாடி போகும்போது 2,400, திரும்பும்போது 2,400 என்று அனுப்பினேன். 200 பவுண்டு மிச்சம் பிடித்துவிட்டதாக அன்றிரவு வீட்டில் சொல்லிச் சிரித்தேன். வேலைப் பட்டியலை எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, எல்லாம் தலையில் இருக்கிறது என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார், அதற்கும் சிரித்தேன்.

ஒன்பது வாரம் கழித்து பாடி வந்தது. சாம்பல் நிறப் பிரைமரில் மீன் குஞ்சு போல வழவழவென்று இருந்தது. பார்த்த மயக்கத்தில் மிச்சப் பணத்தை அவர் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் நல்ல வெயில் அடித்த ஒரு நாள் கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மாலையில் பானட்டைத் தடவியபோது உள்ளங்கையில் கடுகு கடுகாக ஏதோ இடறியது. மறுநாள் அவை மிளகு அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒன்றைக் குத்தினேன், நான் நன்கு அறிந்த உரிப்பான் வாடை மூக்கில் ஏறியது. கையால் மட்டுமே உரிக்கும் பட்டறையிலிருந்து வந்த பாடியில்!

அதற்குப் பிறகு தூக்கம் ஏது? அன்றிரவே இடது பின் வளைவிலும் கதவுக்குக் கீழும் பிரைமரைத் தேய்த்து எடுத்துவிட்டு, விளக்கை உள்ளே வைத்து வெளியே நின்று பார்த்தேன். முன்பு உள்ளங்கை அளவு இருந்த கறுப்புத் திட்டு இப்போது முழங்கை நீளத்துக்கு இருந்தது. அடிபட்ட இடத்தை வகுந்து இழை வைக்காமல் மேலேயே அப்பி வைத்த பட்டி அது. இரும்புக் காராக இருந்தால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தே பட்டியைக் கண்டுபிடித்திருக்கலாம், கண்ணாடியிழையில் காந்தத்துக்கு வேலை இல்லை. அதைவிட மோசம், கதவுக்குக் கீழே வெளிச்சம் அளவுக்கு மீறி ஊடுருவியது. அங்கே ஜெல்கோட்டே இல்லை, இழையையும் சேர்த்துத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். பாபின்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அவற்றைச் சுற்றி நான் சாக்பீஸால் போட்டிருந்த வட்டங்கள்கூட அழியாமல் இருந்தன. வீட்டில் ஒழுங்காக இருப்பது நான் சீவிய டிக்கி மூடி ஒன்றுதான்.

அழைத்தேன். முதல் முறை, பிசின் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, ஒரு மாதம் பொறுங்கள் என்றார். படங்கள் அனுப்பியதும், ஐம்பது வயதுப் பிளாஸ்டிக் இப்படித்தான் மூச்சுவிடும் என்றார். உரிப்பான் வாடையைச் சொன்னேன். உங்கள் கராஜில் ஈரம், வைத்த இடம் தவறு என்று பழி என் வீட்டுக் கூரைக்கு மாறியது. பிறகு ஒரு பெண் எடுத்து அவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார். எந்த நாள் திரும்புவார் என்ற கேள்விக்கு மூன்று அழைப்புகளில் மூன்று தேதிகள் கிடைத்தன. கடைசியாக வந்த செய்தி, பாடியைக் கொண்டுவந்து போட்டால் நேரம் இருக்கும்போது பார்க்கிறேன், பிரைமருக்கான பொருள் செலவு தனி என்பது. 4,800 பவுண்டு வாங்கியவர் எழுதுகிற செய்தி அது.

இணையச் சந்தையிடம் முறையிட்டதற்கு, பணம் எங்கள் தளத்தின் வழியாகக் கட்டப்படவில்லை, விளம்பரத்தை இடமளித்துக் காட்டுவது மட்டுமே எங்கள் பணி என்று அச்சடித்த பதில் வந்தது. அந்த விளம்பரம் இன்று காலையும் அதே படங்களோடு அங்கேயே இருக்கிறது. வங்கியைத்தான் பெரிதும் நம்பியிருந்தேன். ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் வந்ததல்லவா, அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பட்டறை உண்மையில் இருக்கிறது, வேலையும் ஏதோ நடந்திருக்கிறது, தரம் பற்றிய சச்சரவு உங்கள் இருவருக்கும் இடையிலான சிவில் தகராறு, அது இந்த விதிக்குள் வராது என்பதுதான் நேற்று வந்த பதில். விதியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

வலிக்கும் இடம் இதுதான். கிரெடிட் கார்டில் ஒரு பகுதியை மட்டும் கட்டியிருந்தால்கூட, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை மதிப்புள்ள பரிவர்த்தனையில் கார்டு நிறுவனமும் பட்டறைக்காரரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அந்தப் பாதுகாப்பைத்தான் 200 பவுண்டுக்கு விற்றேன். இனி எனக்கு இருப்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம்: நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பச் செய்து தர வேண்டும், அது முடியாவிட்டால் விலையைக் குறைத்துத் தர வேண்டும். திரும்பச் செய்து தருவது என்றால் இந்த பாடியை மறுபடி அதே கைகளில் கொடுப்பதாம். சட்டத்தை எழுதியவர்கள் யாரும் கார் வைத்திருக்கவில்லை போலும்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். எப்படி உரிக்கப் போகிறார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். பிரைமர் அடிக்கும் முன் நேரில் போய் விளக்கை உள்ளே வைத்துப் பாருங்கள். அடித்த பிறகு எதுவும் தெரியாது. பாகங்களுக்கு நடுவில் ஒரு அளவுகோலையும் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்த பதினோரு படங்களில் எட்டு டிக்கி மூடியைப் பற்றியவை.

இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு முறையில் போகலாம் என்பதால் வழக்குக்கு முந்தைய கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். பதினான்கு நாள் அவகாசம், கோரும் தொகை 4,800 பவுண்டு. நாளை காலை பதிவுத் தபாலில் போகிறது.